குளிசைக்கு முந்திய அரை மணித்தியாலம்

நான் இப்போது இத்தாவில் இருக்கிறேன். என் மாப்பிள்ளை மௌத்தாகி இரண்டு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. புருஷனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். பாடசாலைக்கு லீவு. சமையலை என் மூத்தவர், ராத்தா வந்து பார்த்துக்கொள்கிறார். துக்கம் கேட்க வருகிற பெண்டுகள் கொஞ்சம் அழுகிறார்கள், கொஞ்சம் ஊர்க்கதை கதைக்கிறார்கள், போய்விடுகிறார்கள். மிச்ச நேரம் முழுக்க என்னுடையது. அவர் இருக்கும்வரை எழுத முடியாமல் இருந்ததை இப்போது எழுதுகிறேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலே சொல்லிவிடுகிறேன். கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு அது குறையல்ல, வீட்டில்தான் குறை. அவர் தையல்காரர். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு மெஷின் போட்டிருந்தார். நான் பத்து வார்த்தை சொன்னால் அவர் ஒன்று சொல்வார், அதுவும் குண்டூசியை உதட்டில் வைத்துக்கொண்டு. கலியாணம் முடிந்து மூன்று வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றியும் நான்தான் கதைத்தேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுபத்தெட்டில் எங்கள் கரையில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருஷம் எனக்கு அது தொடங்கியது. பின்னேரமானால் இடது கண் இமை தானாகவே கீழே இறங்கும். கரும்பலகையில் ஒரு கோடு போட்டால் இரண்டு கோடு தெரியும். கடைசிப் பாடத்தில் என் குரல் மூக்கால் வரும். பின் வாங்குப் பலகையிலிருந்து பிள்ளைகள் சிரிப்பது கேட்கும். வீட்டில் மாட்டிறைச்சியை மென்றால் பாதியில் தாடை நின்றுவிடும், கையால் தாடையைத் தாங்கிப் பிடித்து மென்று முடிப்பேன். காலையில் எழும்பினால் ஒன்றும் இல்லை. பழைய ஆள், பழைய குரல். அதனால் ஒருவரும் நம்பவில்லை. பாடசாலை அதிபர் நேரே கேட்டார், "ஏன் டீச்சர், கடைசிப் பாடம் வந்தா மட்டும் உங்களுக்கு வருத்தம் வருகுது?" உம்மா கண்ணூறு என்றார். "ஊரே உன்ட வாயத்தானே பாத்துக்கிட்டு இரிக்கி" என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். அந்த மிளகாயைக் கறிக்காவது போட்டிருக்கலாம் என்று நான் சொன்னேன். அன்றைக்கு அதைச் சொல்லக் குரல் இருந்தது.

ஒரு பின்னேரம் நான் தண்ணீர் குடிக்க, அது மூக்கால் வெளியே வந்தது. என் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கடையைத் திறக்காமல் என்னைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவர் டொக்டராக இருந்தார். மேசையில் பெரிதாக ஒரு சாமானும் இல்லை. "அக்கா, முகட்டப் பாருங்கோ. நான் சொல்லுமட்டும் கண்ண இறக்கக் கூடாது" என்றார். ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை, இரண்டு இமையும் இறங்கின. பிறகு ஒன்றிலிருந்து சத்தமாக எண்ணச் சொன்னார். எண்ணினேன். முப்பதில் குரல் மூக்குக்குப் போனது. ஐம்பது தாண்டியதும் காற்று மட்டும்தான் வந்தது, இலக்கம் வரவில்லை. அவர் பேனையை வைத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். "எத்தினை மாதம்?" என்று கேட்டார். நாலு மாதம் என்று விரலால் காட்டினேன். அவர் கண்டிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். எனக்குப் புற்றுநோய் என்று நான் முடிவு செய்துவிட்டேன். கடிதம் நீளமாக இருந்ததுதான் காரணம்.

கண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நம்பர் துண்டை எடுத்துக்கொண்டு வாங்கில் இருக்க வேண்டும், பிறகு வேறு வாங்கில் இருக்க வேண்டும். ஒருவர் இரத்தம் எடுத்தார், ஒருவர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், ஒருவர் என் பெயரைப் பிழையாகக் கூப்பிட்டுவிட்டு நான் வரவில்லை என்று எழுதிவிட்டார். சிங்களம் எனக்கு ஓரளவு வரும், என் மாப்பிள்ளைக்கு வராது. மத்தியானமாகும்போது என் இமைகள் விழுந்துவிடும், நான் குருடி மாதிரி இருப்பேன். அவர் பக்கத்துக் கடையில் பிளாஸ்டர் வாங்கி, சட்டைப் பையில் இருந்த சின்னக் கத்தரிக்கோலால் நூல் நூலாக வெட்டி, என் இமையைத் தூக்கி நெற்றியோடு ஒட்டிவிட்டார். "இப்ப தெரியுதா புள்ள?" என்று கேட்டார். தெரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதும் தெரிந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒரு வயதான சிங்கள டொக்டர் அம்மா என்னைப் பார்த்தார். என்னோடு இங்கிலீஷில் கதைத்தார். பிளாஸ்டரைக் கழற்றிவிட்டு, கையில் மெதுவாக ஒரு ஊசி போட்டார். அரை நிமிஷம் இருக்கும். என் இமைகள் இரண்டும் தாமாகவே மேலே போயின. எதிரில் நின்ற இரண்டு மாப்பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு ஆளானார்கள். அவருடைய சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. "ஊருக்கெல்லாம் உடுப்புத் தைக்கிற ஆள், சொந்தச் சட்டைக்கு ஒரு பொத்தான் வைக்க நேரமில்லையா?" என்றேன். என் குரல் மணி மாதிரி வந்தது. அவர் அழத் தொடங்கினார். மூன்று மாதமாக இந்த ஏச்சைக் கேட்காமல் அவர் என்ன பாடுபட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த ஊசியின் பலம் ஐந்து நிமிஷம்தான் என்று டொக்டர் அம்மா சொன்னார். ஐந்து நிமிஷமும் நான் வாய் ஓயவில்லை. பிறகு இமைகள் பழையபடி இறங்கின.

என் வருத்தத்துக்கு, அந்த நோய்க்கு, பெயர் மயஸ்தீனியா. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்று அறிந்ததும் டொக்டர் அம்மா ஒரு கடதாசியில் படம் போட்டு விளக்கினார். அதை நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன்.

கலம் என்றால் என்னவென்று ஒன்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தேன். உயிருள்ள எதையும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுகிற சின்ன உயிர் அது. வெங்காயத் தோலை உரித்து நுணுக்குக்காட்டியில் காட்டுவேன். வீட்டுக்குக் கல் எப்படியோ உடம்புக்குக் கலம் அப்படி என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவேன். ஆனால் கல் பக்கத்துக் கல்லோடு கதைக்காது. கலம் கதைக்கும். கதைக்காவிட்டால் உடம்பு என்று ஒன்று இல்லை. அதை நான் ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கே தெரியாது.

நரம்புக் கலமும் தசைக் கலமும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. நடுவில் மயிரிழையைவிடப் பல மடங்கு சிறிய இடைவெளி ஒன்று உண்டு. இமையைத் தூக்கு என்று மூளை சொன்னால் அந்தச் செய்தி நரம்பு வழியே ஓடிவந்து நுனியில் நின்றுவிடும். அங்கிருந்து ஒரு இரசாயனம் கசியும். தசைக் கலத்தின் மேல் அதை ஏற்றுக்கொள்ளவென்றே வாங்கிகள் இருக்கின்றன. இரசாயனம் அதில் போய்ப் பொருந்தினால் தசை சுருங்கும், இமை உயரும். உடனேயே ஒரு நொதியம் வந்து அந்த இரசாயனத்தை உடைத்து இடத்தைத் துப்புரவாக்கிவிடும், அடுத்த செய்திக்கு இடம் வேண்டுமல்லவா. இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்துவிடும்.

என் உடம்பில் நரம்பிலும் பிழையில்லை, தசையிலும் பிழையில்லை. கிருமி வந்தால் பிடிக்கவென்று இரத்தம் பிறபொருளெதிரிகள் என்ற காவல்காரரை உண்டாக்கி வைத்திருக்கிறது. அவை என் வாங்கிகளையே அந்நியம் என்று நினைத்து அடைத்துக்கொண்டு குந்தியிருந்தன. நரம்பு கூப்பிடுகிறது, தசைக்குக் கேட்கவில்லை. முதல் நாலைந்து கூப்பாடு எப்படியோ போய்ச் சேரும். திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் கசிகிற இரசாயனமும் குறைந்துவிடும், மிச்சமிருக்கிற வாங்கிகளுக்கு அது போதாது. அதனால்தான் ஓய்வெடுத்தால் நல்லாக இருக்கும், பாவித்தால் போய்விடும். பேசப் பேசக் குரல் தீரும். எத்தனையோ வருத்தம் இருக்க வாயாடி ஒருத்திக்கு இந்த வருத்தமா வர வேண்டும் என்று டொக்டர் அம்மாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

எனக்குத் தந்த மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, அந்த நொதியத்தைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடும். இரசாயனம் உடையாமல் கூட நேரம் நிற்கும், அதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நாலு மணித்தியாலத்துக்கு ஒன்று. காலை ஒன்பது, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஐந்து, இப்படி. போட்டால் ஒரு மணித்தியாலத்தில் நான் முழு மனிசி. ஆனால் அடுத்த குளிசைக்கு முந்திய அரை மணித்தியாலம் பலம் வடிந்துவிடும். அந்த நேரத்தில் கதைப்பதென்றால் எண்ணித்தான் கதைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய் எட்டாம் மாதம் திரும்பி வந்து வாட்டில் படுத்தேன். அப்போது டொக்டர் அம்மா இன்னொன்றும் சொன்னார். என் இரத்தத்தில் இருக்கிற அந்தக் காவல்காரர் கொப்பூழ்க்கொடி வழியே பிள்ளைக்கும் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் பிள்ளை துவண்டுபோய்ப் பிறக்கும், உறிஞ்சாது, விழுங்காது. ஆனால் அவற்றைப் பிள்ளையின் உடம்பு உண்டாக்கவில்லை. அதனால் சில கிழமையில் தாமாகவே அழிந்துவிடும், பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல ஆகிவிடும். அதுவரை குழாயால் பால். அதுவரை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். நான் விரலை மடித்து எண்ணினேன். நாலு கிழமை என்றால் இருபத்தெட்டு நாள்.

ஆண் பிள்ளை. இடுக்கி ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அழுகை மெல்லிசாக வந்தது. கையைத் தூக்கிவிட்டால் துணி மாதிரி விழுந்தது. மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டுப் பிள்ளைகளின் அறையில் வைத்தார்கள். அவர் அறை வாசலில் நின்று, பிள்ளையின் காதுக்குக் கேட்கும்படி, தொழுகை அழைப்பான பாங்கைச் சொன்னார். அவருடைய குரலை அவ்வளவு பலமாக நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காலை டொக்டர் அம்மா வந்து சொன்னார். பிள்ளைக்கு மருந்து பிடிக்கிறது. மூச்சு நல்லம். ஆனால் வாயால் ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் நெஞ்சுக்குள் போய்விடும். "உங்கள் கணவருக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், இங்கே நர்ஸ் மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது" என்றார். சொல்கிறேன் என்றேன்.

நாலு மணிக்கு வாட்டுக்கு ஆட்களை விடுவார்கள். ஒவ்வொரு நாளும் நாலு அடிக்கும்போது அவர் வாசலில் நிற்பார். அன்றைக்கு வரவில்லை. நாலேகால் ஆனது, நாலரை ஆனது. பக்கத்துக் கட்டில்களில் எல்லாருக்கும் ஆள் வந்து பிளாஸ்கைத் திறக்கிறார்கள், நான் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் வந்தபோது ஐந்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"எங்க போன? நாலு மணிக்கு விடுவாங்க எண்டு தெரியாதா? கண்டியில உங்களுக்கு என்ன கடையா, தெருவா? நான் இஞ்ச சாகக் கிடக்கன், நீங்க ஊர் பாத்துத் திரியுறயா?" என்றேன். இன்னும் சொன்னேன். அவருடைய உம்மாவைப் பற்றியும் சொன்னேன், தேவையில்லாத கதை. அவர் வழமைபோலக் கேட்டுக்கொண்டு நின்றார். சொல்லச் சொல்லக் குரல் மூக்குக்குப் போனது. நான் நிறுத்தவில்லை. கடைசி இரண்டு மூன்று வசனம் எனக்கே கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி பிள்ளையை எங்களுக்குக் காட்டவென்று கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் கதிரையில் இருந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்தார்.

"ஏசாத புள்ள. வரிப்பத்தான்சேனை சாச்சாட மகன் பஸ்ஸில வந்த. அவனப் பாத்துக்கிட்டு ஸ்டாண்டில நிண்ட, பஸ் பிந்திட்டு. பள்ளி லெப்பை ஓதித் தந்த தேன். மூணு நாளாச்சி, புள்ளைக்கி இன்னம் தேன் தொட்டு வெக்கல்ல" என்றார்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனோ பேரீச்சம்பழமோ தொட்டு வைப்பது எங்களில் எல்லா வீட்டிலும் உள்ளது. எனக்கும் வைத்தார்கள், அவருக்கும் வைத்தார்கள். அதை வைக்காத பிள்ளையை நான் கண்டதில்லை.

வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். ஒரு சொல்தான். மூளை சொன்னது, நரம்பு சொன்னது, அது எனக்கு நன்றாகத் தெரியும். நாக்கு பாய் மாதிரிக் கிடந்தது. வாய் திறந்தது, காற்றுக்கூட வரவில்லை. கையைத் தூக்கினேன், போர்வையை விட்டு இரண்டு விரல் உயரம் எழும்பி விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். என் இமைகள் இறங்கிக்கொண்டிருந்தன. எனக்கு நித்திரை வருகிறது என்று நினைத்திருப்பார். பிஸ்மி சொல்லி, சுண்டுவிரலைப் போத்தலில் தோய்த்து, பிள்ளையின் நாக்கில் வைத்தார். அது நல்ல தேன், கட்டித் தேன். வாசம் என் கட்டில்வரை வந்தது.

பிள்ளை விழுங்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தொண்டையில் ஒரு சின்னச் சத்தம். உதடு நீலமாகத் தொடங்கியது. அவர் எழும்பி நின்று, "மிஸ்ஸி, மிஸ்ஸி, இஞ்ச வாங்க" என்று தமிழில் கத்தினார். மிஸ்ஸி ஓடிவந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டு போனார்.

ஐந்து மணிக்கு எனக்குக் குளிசை தந்தார்கள். ஆறு மணிக்குள் குரல் வந்துவிட்டது.

பிள்ளைக்குச் சளிக்காய்ச்சல் பிடித்தது, நெஞ்சுக்குள். நாலு நாள் ஒட்சிசன் வைத்தார்கள். அவர் அறை வாசலிலேயே இருந்தார், யாராவது எழுப்பினால் எழும்பி வேறு பக்கம் போய் இருப்பார். ஏழாம் நாள் விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பிள்ளை மௌத்தாகியது. அன்றைக்குத்தான் பெயர் வைத்து முடி இறக்குவதாக இருந்தோம். டொக்டர் அம்மா என் கட்டிலில் வந்து இருந்து இங்கிலீஷில் சொன்னார், தேனாலும் இருக்கலாம், எச்சிலாலும் இருக்கலாம், இப்படியான பிள்ளைகளுக்கு எச்சிலே போதும், ஒருவராலும் அறுதியாகச் சொல்ல முடியாது என்று. "என்ன சொல்றா?" என்று பக்கத்தில் நின்ற என் மாப்பிள்ளை என்னைக் கேட்டார்.

"பிறக்கக்குள்ளேயே நெஞ்சு பலமில்லையாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிள்ளையைப் பொதிகிற கபன் துணியை அவரே வெட்டினார். கபனுக்குத் தையல் இல்லை, வெட்டு மட்டும்தான். கண்டியிலேயே மையவாடியில் அடக்கினார்கள். நான் போகவில்லை.

அதற்குப் பிறகும் ஒன்பது நாள் வாட்டில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் மாத்தளைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குப் பெண் பிள்ளை. அது அழுதால் என் நெஞ்சில் பால் சுரந்து சட்டை நனைந்துவிடும். பிள்ளை அழுகிற சத்தம் காதால் மூளைக்குப் போய், மூளை இரத்தத்தில் ஒரு இரசாயனத்தை விட, அது எங்கெல்லாமோ சுற்றி மார்பில் இருக்கிற கலங்களைத் தேடிப் பிடித்துப் பாலை விடு என்று சொல்லும். அந்த ஒரு செய்தி மட்டும் என் உடம்பில் ஒரு பிழையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. பிள்ளை இல்லை என்று அந்தக் கலங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பெண் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தன் துவாயை எடுத்து என் மேல் போர்த்திவிட்டாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் ஒருவரோடும் கதைக்கவில்லை, கதைக்க முடிந்த நேரத்திலும் கதைக்கவில்லை.

அடுத்த வருஷம் நெஞ்சைத் திறந்து ஒரு சுரப்பியை எடுத்தார்கள். வருத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. குளிசை பாதியானது. பாடசாலைக்குத் திரும்பிப் போனேன். கலத்தைக் கல் என்று இப்போது நான் சொல்லிக்கொடுப்பதில்லை. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை, நாங்கள் தேடவும் இல்லை. அவரை நான் ஏசுவது நின்றுவிட்டது. பிந்தி வந்தாலும் ஏசமாட்டேன். அது அவருக்கு நல்லதென்று நினைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை காலை. அவர் ஜும்ஆவுக்குப் போடச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். நான் குளிசை போட்டு ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. ஊசியை விட்டுத் தலை நிமிராமல் கேட்டார்.

"அண்டைக்கி நீ வாயத் திறந்த. நான் கண்ட. வேணாம் எண்டு சொல்லத்தானே பாத்த?"

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு அவரை ஏசி முடிக்காமல் இருந்திருந்தால் அந்த ஒரு சொல்லுக்குப் பலம் மிஞ்சியிருக்கும். அதை நானும் அறிவேன், அவரும் அறிந்திருப்பார். அவர் அதைக் கேட்கவில்லை. தேன் தொட்டு வைத்த தன் விரலைப் பற்றி மட்டும்தான் கேட்டார்.

"இல்ல" என்றேன். குரல் தெளிவாக வந்தது. "தண்ணி கேக்கப் பாத்த. தொண்ட காஞ்சி போச்சி."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சட்டையை மடித்து வைத்தார்.

"அப்ப நான் உனக்குத் தண்ணி தரல்லையே, புள்ள" என்றார்.

எழும்பிக் குசினிக்குள் போனார். பானையில் கோப்பை விழும் சத்தம் கேட்டது. கோப்பை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு முன்னால் நின்றார். எனக்குத் தாகம் இல்லை. அவர் பார்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு மிடறாக விழுங்கி, நான் அதை முழுவதும் குடித்தேன்.